முதல் காட்சியிலேயே கொலையாளி

மலை உச்சியில் மாமனாரும் மாமியாரும் போட்டோவுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். மருமகன் கணக்கு வாத்தியார். அதுவும் நிரந்தர வேலை இல்லை. வீட்டில் அவர் பேச்சை யாரும் சட்டை செய்வதில்லை. மாமனார் உட்காரும் வாகைச் சரிசெய்வதுபோல் கிட்டே போகிறார். ஒரே தள்ளு. இருவரும் பள்ளத்தில். அடுத்த நொடி, கால் இடறி விழுந்துவிட்டார்கள் என்று ஊர் நம்பும்படி அவர் அலறுகிறார். தொடர் தொடங்கிச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. கொலை செய்தது யார், எப்படி, ஏன் என்று எல்லாமே நமக்குத் தெரிந்துவிட்டது.

2020 கோடையில் சீனாவின் ஐச்சியி தளத்தில் வந்த 'தி பேட் கிட்ஸ்' தொடரின் தொடக்கம் இது. அதே மலையில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகள் தங்களை வீடியோ எடுத்துக்கொண்டபோது, பின்னால் நடந்த கொலையும் அதில் பதிவாகிவிட்டது. அப்போது அவர்கள் பாடிய பாட்டு சீனக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பிறந்த இடம் கொரியா, 1924. அந்தக் கோடையில் 'வர்றியா, மலையேறப் போகலாம்?' என்று கேட்பது சீன இணையத்தில் கொலை மிரட்டலுக்கான கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது. இயக்குநர் சின் ஷுவாங் அதற்கு முன் ஒரு ராக் இசைக்குழுவில் கிடார் வாசித்தவர்.

கொலையாளி யாரென்று முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சமுள்ள பாகங்களை எதற்குப் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் வழி பெய்ஜிங்கோடு நிற்காது. பாரிஸ், லண்டன், சென்னை, டோக்கியோ என்று சுற்றிக்கொண்டு சேலத்தில் ஏற்காடு சாலைக்கும் வந்து சேரும். சீனர்கள் சேலத்தைப் பார்த்துக் கற்றார்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே சந்தையில் சரக்கு எடுத்தவர்கள், அவ்வளவுதான்.

பழைய சீனக் குற்றக் கதைகளில் துப்பறிபவர் தனி ஆள் கிடையாது, அரசாங்க நீதிபதி. சோங் காலத்து பாவ் செங்கும் தாங் காலத்து டீ ரென்ஜியேவும் வரலாற்றில் உண்மையாக வாழ்ந்த அதிகாரிகள். அவர்கள் பெயரில் நாடகங்கள் எழுந்தன, கதைசொல்லிகள் சொன்னார்கள், மிங் காலத்தில் தொகுப்புகள் அச்சேறின. நம் மரியாதை ராமனுக்குக் கொஞ்சம் அதிகாரமும் நிறைய சேவகர்களும் கொடுத்தால் யார் வருவாரோ அவர்தான் அந்த நீதிபதி. இந்தக் கதைகளில் பலவற்றில் குற்றவாளி யாரென்பது ஆரம்பத்திலேயே வாசகருக்குத் தெரியும். நீதிபதி அவனை எந்தப் பொறியில் மாட்டப் போகிறார் என்பதற்காகத்தான் உட்கார்ந்து கேட்டார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. கோவலன் கதையில் சிலம்பைத் திருடியது பொற்கொல்லன் என்பது கேட்பவருக்குத் தெரியும், பாண்டியனுக்குத்தான் தெரியாது. வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போன சேலத்தில் தெருக்கூத்தாக இதை விடிய விடிய பார்த்தவர்கள் யாரும், திருடன் பெயரை முன்னாலேயே சொல்லிவிட்டார்களே என்று எழுந்து போனதில்லை.

'திருடன் யார்' என்பதைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைக்கும் பழக்கம் பிறகுதான் வந்தது. அதன் பின்னணியில் நிற்பவன் ஒரு நிஜத் திருடன். பிரான்ஸில் பலமுறை சிறை சென்று தப்பிய விடோக், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் காவல்துறைக்கே துப்பறியும் பிரிவை அமைத்துக்கொடுத்தான். 1828இல் அவன் பெயரில் வந்த நினைவுக்குறிப்புகள் பரபரப்பாக விற்றன. அந்த நிழலுலகின் வாசனையை யூஜின் சூ 'பாரிஸ் நகர மர்மங்க'ளாக 1842இல் பத்திரிகைத் தொடராக்கினார். லண்டனில் ரெய்னால்ட்ஸ் இரண்டே ஆண்டில் அதைப் பார்த்து 'லண்டன் நகர மர்மங்களை'த் தொடங்கி, வாரம் ஒரு பென்னிக்கு விற்றார். இதற்கிடையில் 1841இல் அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ, அறையில் உட்கார்ந்தபடியே மூளையால் துப்பறியும் டூபினைப் படைத்தார். 1887இல் அவன் வாரிசாக ஷெர்லக் ஹோம்ஸ் வந்தார்.

இங்கிருந்து இரண்டு கப்பல்கள் கிழக்கே வருகின்றன. ஒன்று ஷாங்காய்க்கு, இன்னொன்று சென்னைக்கு. கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்.

1896இல் ஷாங்காயில் லியாங் சிசாவ் ஆசிரியராக இருந்த சீர்திருத்தப் பத்திரிகையில் ஹோம்ஸ் சீனம் பேசினார். மொழிபெயர்த்தவருக்கு ஒரு சங்கடம். நடந்து முடிந்ததை வாட்சன் பின்னோக்கிச் சொல்லும் கதைமுறை சீன வாசகருக்குப் பழக்கமில்லாதது. ஆகவே முதல் கதையில் வாட்சனை ஓரம் கட்டிவிட்டு, சம்பவங்களை நடந்த வரிசையிலேயே அடுக்கிக்கொடுத்தார்! கானன் டாயில் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஆனால் நீதிபதி கதைகளில் ஊறிய வாசகருக்கு அதுதான் சுலபமாக இருந்தது. பிறகு பழகிக்கொண்டார்கள். செங் சியாவ்சிங் என்பவர் ஹோம்ஸ் கதைகள் பலவற்றை மொழிபெயர்த்துவிட்டு, ஹுவோ சாங் என்ற ஷாங்காய் ஹோம்ஸையே உண்டாக்கினார்.

சென்னை இதில் இரண்டு வருஷம் முந்திக்கொண்டது. 1894இல் பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணனைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துப் பேர் வாங்கிய மனிதர், போலீஸ் கதையிலும் கை வைத்தார். பின்னால் ஒரு படையே வந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் ரெய்னால்ட்ஸையும் பிறரையும் தமிழ் வேட்டி கட்டவைத்தார். லண்டன் பிரபு ஜமீன்தாராவார், தேம்ஸ் நதி கூவமாகும். ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு அறிமுகமானான். 'இராஜாம்பாள்' பதிப்புமேல் பதிப்பாக ஓடியது. அதே ரங்கராஜு 'வரதராஜன்' நாவலுக்காகக் கதைத் திருட்டு வழக்கில் மாட்டியபின் எழுதுவதையே நிறுத்தினார். திருடர்களைப் பிடிக்கும் கதை எழுதியவருக்கு வந்த வழக்கு. கோவிந்தனே துப்பறிய வந்திருந்தால் என்ன செய்திருப்பானோ.

வடுவூர் துரைசாமி ஐயங்கார் இன்னொருவர். அவருடைய 'திகம்பர சாமியார்', வேஷம் மாற்றி மாற்றித் துப்பறியும் ஆள். அந்தச் சாமியார்தான் நம்மைச் சேலத்துக்கு அழைத்துப்போகிறார்.

திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம் நூல் வியாபாரக் குடும்பத்தில் 1907இல் பிறந்தவர். துணித் தொழில் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போனார். பட்டத்தோடும் ஆங்கிலேய மனைவியோடும் திரும்பியவர் மில் வைப்பார் என்று ஊரார் எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ 1930களின் நடுவில் ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று சினிமா ஸ்டூடியோ வைத்தார். வைத்ததையும் மில் மாதிரியே நடத்தினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேபரட்டரி எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். கதாசிரியருக்கு மாதச் சம்பளம், எல்லோருக்கும் நேரக் கட்டுப்பாடு. சென்னையில் ஒரு படம் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது சேலத்தில் அடுத்த படத்துக்குப் பூஜை போட்டுவிடுவார்கள். கருணாநிதி, கண்ணதாசன், பாரதிதாசன் மூவரும் அந்த வளாகத்துக்கு எழுதியவர்கள். அங்கே தயாரான படங்கள் நூறைத் தாண்டின. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் இந்தச் சேலத்துக்காரர் தயாரித்ததுதான் என்பதை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாரம் தவறாமல் நூல் வேண்டும் மில்லுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தால் என்ன? சுந்தரம் கதைகளை அப்படித்தான் கொள்முதல் செய்தார். 1940இல் 'உத்தம புத்திரன்'. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில். தமிழில் அதுவே முதல் இரட்டை வேடம். கதையின் வேர், அலெக்சாண்டர் டூமா எழுதிய இரும்பு முகமூடிக் கைதி. டூமாவுக்கு வேர், 1703இல் பாரிஸ் பாஸ்டீல் சிறையில் செத்துப்போன, பெயர் தெரியாத ஒரு நிஜக் கைதி. முகம் மறைக்கப்பட்ட பிரெஞ்சுக்காரன், இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, சேலத்தில் இரண்டு முகத்தோடு எழுந்து வந்தான்.

1950இல் 'திகம்பர சாமியார்'. எம்.என். நம்பியார்தான் நாயகன், ஆமாம், நம்பியார் நல்லவர்! பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் வந்து வில்லனைச் சுற்றி வலை பின்னினார். அதற்குப் பிறகு தமிழ் சினிமா அவரை வலையின் உள்ளேயே நிறுத்திவிட்டது வேறு கதை.

1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. எம்.ஜி.ஆர்., பானுமதி, பெல்ஜியத்து கேவா கலரில் எடுத்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். இதைக் குற்றக் கதையாக யாரும் நினைப்பதில்லை. யோசித்துப் பாருங்கள்: கொள்ளைக் கூட்டம், ஒளித்துவைத்த பணம், துண்டு துண்டாக வெட்டப்பட்ட பிணம், வீட்டை அடையாளம் காணக் கதவில் போட்ட சுண்ணாம்புக் குறி, அதை முறியடிக்கத் தெரு முழுக்கக் குறிபோட்ட வேலைக்காரி மர்ஜியானா. அவளைவிடக் கெட்டிக்காரத் துப்பறிவாளர் யார்? இங்கும் திருடன் யாரென்பது முதலிலிருந்தே தெரியும். இதில் இன்னொரு தமாஷ், அலிபாபா கதை பழைய அரபு ஆயிரத்தோரு இரவுகள் கையெழுத்துப் பிரதிகளில் இல்லவே இல்லை. பாரிஸுக்கு வந்த ஹன்னா தியாப் என்ற அலெப்போ நகரத்து இளைஞர், 1709இல் மொழிபெயர்ப்பாளர் காலாந்துக்கு வாய்மொழியாகச் சொன்ன கதை. அவர் சொன்ன இன்னொரு கதை அலாவுதீன். அது நடக்கும் இடம் சீனா.

1999இல் ஹாங்சோ நகரத்தில் ஜாக் மா ஒரு கம்பெனி தொடங்கினார். உலகம் முழுவதும் தெரிந்த பெயர் வேண்டும் என்று தேடி அலிபாபா என்று வைத்தார். அந்த அலிபாபா பின்னாளில் யூகூ என்ற வீடியோ தளத்தை வாங்கியது. 2017இல் யூகூவில் வந்த 'டே அண்ட் நைட்' என்ற போலீஸ் தொடர்தான் நெட்ஃபிளிக்ஸ் விலைகொடுத்து வாங்கி உலகுக்குக் காட்டிய முதல் சீன வெப் சீரிஸ்களில் ஒன்று. கதை? இரட்டைச் சகோதரர்கள். ஒருவன் போலீஸ், இன்னொருவன் கொலைப்பழி சுமந்தவன். பகலில் ஒருவனும் இரவில் ஒருவனுமாக வெளியே வந்து ஊரை ஏமாற்றுகிறார்கள். பான் யுவேமிங் இரட்டை வேடம். சின்னப்பாவின் ரசிகர்கள் இருந்திருந்தால் விசில் அடித்திருப்பார்கள்.

நான் கொஞ்சம் அவசரப்பட்டு முன்னால் ஓடிவிட்டேன். சேலத்துக்குத் திரும்புவோம்.

1963இல் சுந்தரம் காலமானார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். அப்போது உலகம் முழுக்க ஜேம்ஸ்பாண்ட் ஜுரம். சேலம் தனக்கென ஒருவரைத் தேடிக்கொண்டது: ஜெய்சங்கர். 1966இல் வந்த 'வல்லவன் ஒருவன்' படத்தில் அவர் சி.ஐ.டி. சங்கர். பாண்டைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காப்பி என்பது சரி. பாண்ட் என்பதுதான் தப்பு. அதன் மூலம் 1964இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படம், ஓ.எஸ்.எஸ். 117 என்ற உளவாளியின் பாங்காக் சாகசம். அந்த உளவாளியை ஜான் புருஸ் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் படைத்தது 1949இல். இயான் ஃபிளெமிங்கின் பாண்ட் பிறந்தது 1953இல்தான். ஆக 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' ஒரு விதத்தில் ஜேம்ஸ்பாண்டுக்கே மூத்தவர்.

அந்தப் படங்களைச் சேலம், நாமக்கல், ராசிபுரம் கொட்டகைகளில் பார்த்தவர்கள் வில்லன் யாரென்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆர்.எஸ். மனோகரோ அசோகனோ கோட்டு சூட்டோடு வந்து நின்றாலே விஷயம் முடிந்தது. கடைசியில் போலீஸ் ஜீப் வரும் என்பதும் தெரியும். ஆரம்பமும் முடிவும் தெரிந்த கதைக்கு டிக்கெட் எடுத்தார்கள். நடுவில்தான் விஷயம் இருந்தது: சுழலும் சுவர், கண்ணாடி அறை, ரகசியக் கதவு, எல்.ஆர். ஈஸ்வரியின் குரல்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலகம் முழுவதிலிருந்தும் கதை வாங்கிய அந்த ஸ்டூடியோ, சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்த சேலத்தை மட்டும் வாங்கவில்லை. செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கணக்கு, ஜவ்வரிசி ஆலைப் போட்டி, லாரிக்கு வாங்கிய ஃபைனான்ஸ், ஏலச்சீட்டு நடத்தி ஓடிப்போனவன், தறிக்கூடத்து முன்பணம் என்று ஊருக்குள் குற்றத்துக்கான காரணங்கள் குவிந்து கிடந்தன. சி.ஐ.டி. சங்கரோ பிரெஞ்சு வில்லனின் தமிழ் நகலைத் துரத்திக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும், குறையும் அதுதான்.

ஸ்டூடியோ மெல்ல அடங்கியபின் குற்றக் கதை பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கியது. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குப் பிறகு ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள். சேலத்தில் வாங்கினால் திருச்சி வருவதற்குள் கொலையாளி பிடிபட்டுவிடுவான்.

சீனாவுக்கு இந்தக் காலத்தில் சரக்கு அனுப்பியது ஜப்பான். எடோகாவா ராம்போ என்று ஒரு ஜப்பானிய எழுத்தாளர். பெயரை வேகமாகச் சொல்லிப்பாருங்கள், எட்கர் ஆலன் போ. அவருக்குப் பின் வந்த மட்சுமோடோ செய்சோ, புதிரைவிடப் புதிருக்குள் இருக்கும் ஆளைப் பெரிதாக்கினார்: போருக்குப் பிந்தைய ஊழல், ஏழ்மை, மறைக்க வேண்டிய பிறப்பு. ஒருவன் ஏன் கொலைகாரன் ஆனான் என்பதே கதை. கலாச்சாரப் புரட்சியின் வறட்சி முடிந்த கையோடு, 1978இல் சீனத் திரையரங்குகளில் ஜப்பானின் 'மேன்ஹன்ட்' படம் வந்தது. பொய்ப்பழி சுமந்து ஓடும் அரசு வழக்கறிஞராக நடித்த தகாகுரா கென், ஒரு தலைமுறைச் சீனர்களுக்கு நாயகனானார். பல ஆண்டுகளாக மாதிரி நாடகங்களை மட்டுமே பார்த்த கண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அந்தக் காலத்துக்கு முன்பே ஒரு டச்சுக்காரர் இன்னொரு விதை போட்டிருந்தார். ராபர்ட் வான் கூலிக் தூதரக அதிகாரி. டோக்கியோவின் பழைய புத்தகக் கடையில் கிடைத்த 18ஆம் நூற்றாண்டுச் சீன நாவலை மொழிபெயர்த்து 1949இல் நீதிபதி டீயை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். மேற்கத்தியத் துப்பறியும் கதைகளின் மட்டமான நகல்கள் சீனத்திலும் ஜப்பானியத்திலும் குவிவதைப் பார்த்து அவருக்கு எரிச்சல். உங்கள் வீட்டிலேயே இருப்பதைப் பாருங்களேன் என்று காட்டத் தானே டீ நாவல்கள் எழுதத் தொடங்கினார். 1950களின் தொடக்கத்தில் அவருக்குப் புதுடில்லியில் பணி. முதல் நாவலின் சீனப் பதிப்பு 1953இல் வெளிவந்தது சிங்கப்பூரில்.

2004இல் சீன அரசு ஒரு சுற்றறிக்கை போட்டது. குற்றத் தொடர்கள் தொலைக்காட்சியின் முக்கிய நேரத்தில் கூடாது. இரவு பதினொன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் போனது, முதலீடு போனது, ஒரு வகைமையே படுத்துவிட்டது. பத்து வருஷம் கழித்து அதை எழுப்பியவை இணையத் தளங்கள். டிவி நேரம் என்ற பேச்சே இல்லாத இடத்தில் இளைஞர்களுக்கு என்ன காட்டலாம் என்று தேடியவர்கள் கையில் அகப்பட்டது, கைவிடப்பட்ட இந்தச் சரக்கு. ஐம்பது அறுபது பாகம் இழுக்கும் சீன வழக்கத்தை விட்டுப் பன்னிரண்டு பாகமாகக் கத்தரித்தார்கள். தடை போட்டவர் நினைத்திருக்க மாட்டார், தரம் உயர்வதற்குத் தாம் உதவுகிறோம் என்று.

'தி பேட் கிட்ஸ்' தொடரின் மூல நாவலை எழுதிய ட்ஸிஜின் சென், அந்த அலிபாபா பிறந்த ஹாங்சோவில் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஜப்பானின் ஹிகாஷினோ கெய்கோ எழுதிய 'சந்தேக நபர் எக்ஸ்' நாவல் தன்னை இந்தப் பக்கம் திருப்பியதாகச் சொன்னவர். அந்த நாவலிலும் கொலை யார் செய்தது என்பது தொடக்கத்திலேயே தெரியும். மறைப்பவர் ஒரு கணக்கு வாத்தியார். மலையுச்சி மருமகனுக்கு அந்த வேலை எங்கிருந்து கிடைத்தது என்று இப்போது ஊகிக்கலாம்.

சீனத் தொடர்களுக்கு இன்னொரு கட்டு உண்டு. குற்றவாளி தப்பக் கூடாது. போலீஸ் ஜெயித்தாக வேண்டும். ஆக முடிவும் எல்லோருக்கும் தெரியும். ஜெய்சங்கர் படத்து ஜீப் போலத்தான். தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்துவிட்ட பிறகு எழுதுபவருக்கு மிஞ்சுவது நடுப்பகுதி. நம் ஸ்டூடியோ அங்கே சுழலும் சுவரை வைத்தது. சீனத் தொடர்கள் அங்கே ஓர் ஊரை வைத்தன.

2023இல் சக்கைப்போடு போட்ட 'தி நாக்அவுட்' தொடரைப் பாருங்கள். காவ் சிசியாங் சந்தையில் மீன் விற்பவன். கடையின் இடத்துக்காக ரவுடிகளிடம் அடி வாங்கி, வருஷப் பிறப்புக்கு முந்தின இரவு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான். இளம் போலீஸ்காரர் ஒருவர் இரக்கப்பட்டு அவனுக்கு டம்ப்ளிங் கொடுக்கிறார். இருபது வருஷத்தில் அந்த மீன்காரன் நகரத்தையே ஆட்டிவைக்கும் தாதா. நடித்தவர் ஜாங் சோங்வென். தாதா படிக்கும் சுன் ஸுவின் போர்க்கலை நூல், தொடர் ஓடிய நாட்களில் கடைகளில் பறந்தது. அரசின் ரவுடி ஒழிப்பு இயக்கத்தைப் புகழ எடுத்த தொடரில் மக்கள் மனத்தில் நின்றவன் ரவுடி. நாமக்கல் உழவர் சந்தையில் தராசு பிடித்த எவருக்கும் அந்த முதல் பாகம் புரியும்: எடைக்கல்லுக்கும் இடத்துக்கும் மாமூலுக்கும் நடுவில் ஒரு மனிதன் என்றைக்கு மாறுகிறான் என்று.

அதே ஆண்டு சின் ஷுவாங் மறுபடி வந்தார், 'தி லாங் சீசன்'. வடகிழக்குச் சீனாவில் ஓர் இரும்பாலை நகரம். 1990களின் இறுதியில் ஆலையில் ஆட்குறைப்பு. ஆலைக்குள் ரயில் எஞ்சின் ஓட்டிய வாங் சியாங், பெருமையும் மகனும் போனபின், கிழவராக டாக்ஸி ஓட்டுகிறார். பழைய கொலை ஒன்று விடாமல் துரத்துகிறது. கொலையைவிட ஆலை மூடியதுதான் பெரிய சம்பவமாகத் தெரியும். படம்பிடித்ததோ தெற்கே, யுன்னானின் குன்மிங்கில். வடகிழக்கு இரும்பு ஊரைத் தெற்கத்தி வெயிலில் எடுத்தார்கள். சேலத்திலும் ஓர் உருக்காலை இருக்கிறது, 1981இல் உற்பத்தி தொடங்கியது. அந்த டவுன்ஷிப்பையும், தனியாருக்குப் போய்விடுமோ என்று கொடி பிடித்த தொழிற்சங்கங்களையும், அதைச் சுற்றி வளர்ந்த கடைத்தெருவையும் களமாக வைத்த துப்பறியும் தொடர் எதுவும் என் கண்ணில் படவில்லை. ரிக் வண்டியேறி வட மாநிலங்களுக்கு ஆழ்துளைக் கிணறு போடப்போகும் திருச்செங்கோட்டு ஆட்களும், அசாம்வரை ஓடும் நாமக்கல் லாரிகளும் எத்தனை கதையைக் கேபினில் வைத்திருக்கும்!

சரக்கு ஒருவழிப் பாதையில் மட்டும் போகவில்லை. 2013இல் ஜீத்து ஜோசப்பின் 'திரிஷ்யம்'. கேபிள் டிவி நடத்தும் ஜார்ஜ்குட்டி, பார்த்த சினிமாக்களின் பலத்தில் ஒரு மரணத்தை மறைக்கிறான். இங்கும் நடந்தது என்னவென்று நமக்குத் தெரியும். தெரியாதது போலீஸுக்கு மட்டும். 2015இல் தமிழில் 'பாபநாசம்'. ஹிகாஷினோ நாவலின் சாயல் இருக்கிறது என்று, அதன் உரிமை வைத்திருந்த பம்பாய்த் தயாரிப்பாளர் நோட்டீஸ் அனுப்பினார். ஜீத்து ஜோசப் மறுத்தார். அந்தப் பேச்சு ஓய்வதற்குள் சீனர்கள் முறையாக உரிமை வாங்கிவிட்டார்கள். 2019 டிசம்பரில் 'ஷீப் வித்தவுட் எ ஷெப்பர்ட்' வந்தது. சீனத்தில் எடுக்கப்பட்ட முதல் மலையாளக் கதை. 'பாலன்' பிறந்த சேலத்துக்காரர் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இயக்கியவர் சாம் குவா, மலேசியாவில் பினாங்குக்காரர்.

கதை நடக்கும் இடம் சீனாவில் இல்லை, தாய்லாந்தில். ஊழல் போலீஸைச் சீன மண்ணில் காட்டுவதைவிட அது சௌகரியம். பிரெஞ்சு உளவாளி பாங்காக் போனதும், அவன் சேலம் வந்ததும் நினைவிருக்கும். குற்றக் கதைக்காரர்களுக்குத் தாய்லாந்து எப்போதும் வாடகைக்குக் கிடைக்கும்போல. முடிவையும் மாற்றினார்கள். ஜார்ஜ்குட்டி தப்பினான், 'பாபநாசம்' நாயகன் சுயம்புலிங்கமும் தப்பினார். சீன அப்பா சரணடைந்து சிறைக்குப் போகிறார். விதி விதிதான். படம் அமோகமாக ஓடியது.

ஓடினால் இரண்டாம் பாகம் எடுக்காமல் இருப்பார்களா? 2021இல் எடுத்தார்கள். அதே சீனத் தலைப்பு, அதே நாயகன் சியாவ் யாங். கதைதான் வேறு: மகனின் இதய மாற்று சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியைப் பிணைபிடிக்கும் தகப்பன். 2002இல் ஹாலிவுட்டில் டென்சல் வாஷிங்டன் நடித்த 'ஜான் க்யூ' படத்தின் மறு ஆக்கம். ஜார்ஜ்குட்டியும் இல்லை, கேபிள் டிவியும் இல்லை. முதல் பாகம் பார்த்தவர்கள் கொஞ்சம் விழித்திருக்கலாம். சேலத்துக்காரர் விழித்திருக்க மாட்டார். 1965இல் 'வல்லவனுக்கு வல்லவன்' இந்தியிலிருந்து வந்து ஓடியதும், மறுவருஷமே 'இரு வல்லவர்கள்', அதே வருஷம் பிரான்ஸிலிருந்து 'வல்லவன் ஒருவன்' என்று ஏற்காடு சாலையிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. மூன்றின் கதைக்கும் ஒன்றோடொன்று ஒட்டுறவு கிடையாது. போஸ்டரில் வல்லவன் என்று இருந்தால் போதும், கொட்டகை நிறைந்தது.